இளைஞர் பணிக்குப் பட்டப்படிப்பு எதற்கு?

இங்கிலாந்தில் தொழில்முறை இளைஞர் பணியாளராகத் தகுதிபெற 2010 முதல் குறைந்தது ஆனர்ஸ் பட்டம் வேண்டும். பிள்ளைகளோடு பந்தாடவும் அரட்டையடிக்கவும் மூன்றாண்டுப் படிப்பா என்று கேட்போர் உண்டு. கேள்வியிலுள்ள ஏளனத்தை ஒதுக்கிவிட்டால் அது நியாயமான கேள்விதான். ஆசிரியருக்குப் பட்டம் உண்டென்றால் இவருக்கு ஏன் கூடாது என்று பதில் சொல்வது வெறும் அந்தஸ்து வாதம். உண்மையான காரணம் பணியின் இயல்பிலேயே இருக்கிறது. வகுப்புக்கு மாணவர் வந்தே ஆகவேண்டும். சமூகப் பணியாளரின் பின்னால் நீதிமன்ற ஆணை நிற்கக்கூடும். இளைஞர் மன்றத்துக்கு வருபவரோ எந்த நிமிடமும் எழுந்து போய்விடலாம். அதிகாரம் ஏதுமின்றி நடத்தவேண்டிய கல்வி இது. அதனாலேயே கூடுதல் பயிற்சி கேட்கிறது என்பது என் வாதம்.

ஒரு மாலை நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஆட்டத்தின் நடுவே மட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, "யாரிடமும் சொல்லமாட்டீர்களே?" என்று தொடங்குகிறான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால், அவனுக்கு வீட்டில் ஆபத்து என்று தெரியவரும்போது வாக்கை மீறவேண்டிவரும். முடியாது என்று வெட்டிப் பேசினால் அவன் அடுத்த வாரம் வரமாட்டான். எதைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்று அவன் வாய் திறக்குமுன்னே சொல்லியாகவேண்டும். அதையும் அவன் முகம் சுருங்காதபடி சொல்லவேண்டும். பிறகு அவன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று களப்பணிக் குறிப்பில் எழுதி, மேற்பார்வையாளர் முன் அமர்ந்து அதற்குப் பதில் சொல்லவேண்டும். இந்தப் பட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வளரிளம்பருவ உளவியலும் சமூகவியலும் அந்தக் குறிப்பை நேர்மையாக எழுத உதவும் அளவுக்கே பயன்படும்.

இது பிறவிக்குணம், படித்து வருவதல்ல என்பார்கள். பாதி உண்மை. குணமில்லாதவரைப் பல்கலைக்கழகம் திருத்திவிடாது. ஆனால் குணம் மட்டும் போதாது என்பது 1960-இலேயே தெரிந்திருந்தது. முழுநேரப் பணியாளர் எண்ணிக்கையை 1966-க்குள் ஏறத்தாழ 700-இலிருந்து 1,300 ஆக உயர்த்தவேண்டுமென்று இளைஞர் சேவையை ஆராய அரசு அமைத்த ஆல்பமார்ல் குழு அவ்வாண்டில் பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1961-இல் லெஸ்டரில் தேசியக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. ஓராண்டுப் படிப்பு, அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. 1970-இல் அது மூடப்பட்டபோது பயிற்சி வேண்டாமென்று யாரும் முடிவுகட்டவில்லை. பயிற்சிக்காலம் இரண்டாண்டாக நீண்டது.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்றுண்டு. அதே தெருவில் வளர்ந்து, அந்தப் பிள்ளைகளின் பேச்சறிந்தவரையே பட்டம் வெளியே நிறுத்திவிடுகிறது. 2012-இல் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்தபின் இம்மறுப்பை முழுமையாகத் தள்ள என்னால் இயலவில்லை. பட்டத்துக்குக் கீழே உதவிப் பணியாளர் தகுதிகள் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்கு ஏறும் வழியை அகலமாக்குவதே பரிகாரம். தகுதியைத் தளர்த்தினால் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் பயிற்சியற்றவர் போதும் என்றாகிவிடும்.

பட்டம் கட்டாயமான அதே 2010-ஐ ஒட்டித்தான் அரசின் சிக்கனநடவடிக்கையும் தொடங்கி, நூற்றுக்கணக்கான மன்றங்கள் மூடப்பட்டன. படித்தும் வேலையில்லை என்றால் படிப்பெதற்கு என்பவர்கள் சட்டத்தைப் பார்க்கவேண்டும். உள்ளாட்சிகள் இளைஞர் சேவையை 'நியாயமாக இயன்ற அளவுக்கு' உறுதிசெய்தால் போதும் என்கிறது அது. இந்த ஓட்டையைப் பல்கலைக்கழகம் அடைக்க முடியாது. வேல்ஸ் ஒரு படி முன்னே போயிருக்கிறது: அங்கே 2017 முதல் தகுதிபெற்ற இளைஞர் பணியாளர் கல்விப் பணியாளர் பேரவையில் பதிவுசெய்தே பணியாற்ற வேண்டும். இங்கிலாந்தில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் இன்றும் வைத்துக்கொள்ளலாம்.