மூணு 'எம்'மும், சொல்லாமல் விட்ட நாலாவதும்

ஒரு கம்ப்யூட்டர் எப்போ ஒர்க்ஸ்டேஷன் ஆகுது? கடையில் கேட்டா ராம், கிராபிக்ஸ் கார்டுன்னு ஒரு பட்டியல் வரும். 1980-களின் தொடக்கத்தில் இதுக்கு ரொம்ப எளிமையான ஒரு பதில் இருந்தது. பேரு '3எம்'. (டேப் விக்கற கம்பெனி இல்லீங்க!)

ஒரு மெகாபைட் மெமரி, ஒரு மெகாபிக்சல் திரை, வினாடிக்கு ஒரு மில்லியன் கட்டளைகளை முடிக்கும் பிராசஸர். அவ்வளவுதான். விலை ஒரு 'மெகா பென்னி'யைத் தாண்டக்கூடாதுன்னும் சொல்வாங்க. அதாவது பத்து லட்சம் சென்ட், 10,000 டாலர். இந்த இலக்கை முன்வைத்தவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராஜ் ரெட்டியும் அவர் சகாக்களும். 1958-ல் நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் பட்டம் வாங்கினவர், 1994-ல் டூரிங் விருது பெற்றவர், அதே ராஜ் ரெட்டிதான்.

அதுக்கு ஏன் இவ்வளவு ஏக்கம்? அப்போ ஒரு பெரிய மெஷின் இருக்கும், அதில் பல டெர்மினல்கள் தொங்கும். பக்கத்து ரூம்காரர் ஒரு பெரிய புரோகிராமை ஓட்டினா உங்க எடிட்டர் நொண்டும். ஒரு ஆளுக்கு ஒரு முழு மெஷின் என்பதுதான் அன்னைக்குக் கனவு.

1982-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தொடங்கியது. ஆண்டி பெக்டோல்ஷெய்ம் ஸ்டான்ஃபோர்டில் வடிவமைத்த மெஷின்தான் சன்-1 ஆனது. 10 மெகாஹெர்ட்ஸ் மோட்டரோலா 68000, 1024-க்கு 800 புள்ளித் திரை. 3எம்-க்குக் கிட்டத்தட்ட வந்தாச்சு. ஆனா அந்தப் பட்டியலில் ஆபரேட்டிங் சிஸ்டம் பத்தி ஒரு வார்த்தை இல்லை பாருங்க. என்னைக் கேட்டா நாலாவது 'எம்' அதுதான். (எழுத்து பொருந்தலைன்னா விட்டுடுங்க.)

ஏன்னு சொல்றேன். அன்றைய யூனிக்ஸின் பழைய ஃபைல் சிஸ்டம், டிஸ்கால் தரமுடிந்த வேகத்தில் சுமார் 4 சதவீதத்தைத்தான் பயன்படுத்தியது. மீதி 96 சதவீதம்? டிஸ்க்கின் ஹெட் அங்கேயும் இங்கேயும் ஓடியே போச்சு! ஃபைலைப் பத்தின குறிப்பு ஒரு மூலையில், ஃபைல் வேறொரு மூலையில். புதுசா போட்டப்போ வினாடிக்கு 175 கிலோபைட் வரை தந்த டிஸ்க், சில வாரம் புழங்கினதும் 30-க்கு இறங்கிடும். காலி இடங்களின் பட்டியல் கலைஞ்சுபோய், ஒரே ஃபைலின் துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறும்.

பெர்க்லியில் மெக்யூசிக், பில் ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி நாலு பேரும் இதைத் திருத்தி எழுதினாங்க. சேர்ந்து படிக்கப்படும் விஷயங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வை. துண்டின் அளவைக் குறைஞ்சது 4096 பைட் ஆக்கு. சின்ன ஃபைலுக்கு இடம் வீணாகாம, ஒரு துண்டையே பிரிச்சுக் கொடு. டிஸ்க்கில் ஒரு 10 சதவீதத்தைக் காலியா விடு, இல்லேன்னா பக்கத்தில் இடம் தேட வழியில்லை. 1983-ல் 4.2 பிஎஸ்டி-யோடு வெளிவந்தது. ஃபைல்களை எடுக்கும் வேகம் பத்து மடங்கு வரை கூடியது. டிஸ்க் வேகத்தில் 47 சதவீதம் வரை கைக்கு வந்தது.

பில் ஜாய் அதுக்குள்ளே, 1982-லேயே, சன்னுக்குப் போயிருந்தார். சன்னின் ஆபரேட்டிங் சிஸ்டமும் இந்த பிஎஸ்டி வழியில் வளர்ந்ததுதான். அந்தப் பெட்டிகள் ஒர்க்ஸ்டேஷன்னு பேர் வாங்கினதில் மோட்டரோலாவுக்கு எவ்வளவு பங்கோ, இந்த ஃபைல் சிஸ்டத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டுன்னுதான் நான் சொல்வேன்.

இன்னைக்குச் சட்டைப்பையில் இருக்கிற போன், 3எம்-இல் ஒவ்வொரு 'எம்'மையும் சர்வசாதாரணமாத் தாண்டிடும். ஆனாலும் அதை யாரும் ஒர்க்ஸ்டேஷன்னு சொல்றதில்லை. காசு கொடுத்து வாங்கின சக்தியில் எத்தனை சதவீதம் நம்ம வேலைக்கு வந்து சேருது என்பதுதான் கேள்வி. மெஷின் மந்தமானா உடனே ராம் வாங்க ஓடறோம். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், அந்த 96 சதவீதம் எங்கே போகுதுன்னு பார்த்துடுங்க.