முப்பது வருஷம் காத்திருந்த தீர்ப்பு

சங்க மலரில் ஒயின் பற்றிக் கட்டுரையா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். யாரையும் குடிக்கச் சொல்ல வரவில்லை. ஒரு பொருள் காலத்தைத் தாங்குமா, தாங்காதா என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு முப்பது வருஷம் கழித்து விடை கிடைத்த வரலாறு இது.

பழைய புளிக்கும் பழைய அரிசிக்கும் நம் வீடுகளில் தனி மதிப்பு உண்டு. ஆனால் ஒயின் எல்லாமே வைக்க வைக்கச் சுவை கூடும் என்று நினைத்தால் அது தவறு. பெரும்பாலானவை ஓரிரு வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டியவையே. நீண்ட காலம் நிற்பவை மிகச் சில. அவற்றுள் பெயர் பெற்றது பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின். அதன் முக்கியத் திராட்சைகளில் ஒன்றான கேபர்னே சோவின்யோன், சிறிய பழம், தடித்த தோல் கொண்டது. தோலிலும் விதையிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. தேயிலையை அதிகம் கொதிக்கவிட்டால் நாக்கில் ஒட்டுமே, அதே துவர்ப்புதான்.

புது ஒயினில் இந்தத் துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும். புட்டியில் வருஷக்கணக்கில் கிடக்கும்போது டானின் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கிவிடும். துவர்ப்பு மென்மையாகும். ஊதா கலந்த சிவப்பு, செங்கல் நிறத்துக்கு மாறும். பழவாசனை குறைந்து தேவதாரு, புகையிலை, உலர்ந்த இலை போன்ற மணங்கள் எழும். இதற்குத் துவர்ப்போடு புளிப்பும் போதிய அளவு வேண்டும். 12, 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியும் வேண்டும்.

1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டதன் பேரில், போர்தோ தரகர்கள் சிவப்பு ஒயின்களை விலையை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன் ஆகிய நான்கும் முதல் வகுப்பு. மூத்தோன் ரோத்ஷில்ட் அந்த வரிசைக்கு ஏற 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! காலத்தைத் தாங்கும் ஒயின் இந்த மண்ணுக்கே உரியது என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது.

1976 மே 24 அன்று, பாரிசில் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பர்ரியர் என்ற ஆங்கிலேயர் ஒரு போட்டி நடத்தினார். போர்தோ சிவப்பு நான்கு, அமெரிக்காவின் கலிபோர்னியச் சிவப்பு ஆறு. பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்தார்கள். நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973-க்கு! மூத்தோன் 1970 இரண்டாவது.

அதோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. “கலிபோர்னியா ஒயின் இளமையில் கவரும், அவ்வளவுதான்; போர்தோவின் குணம் வயதானால்தான் தெரியும்” என்று ஒரு வாதம் எழுந்தது. நியாயமான வாதம்தான். துவர்ப்பு மிக்க ஒயினை இளமையில் சோதித்தால் அதற்கு மதிப்பெண் குறையக்கூடும்.

பத்து வருஷம் கழித்து, 1986-இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சோதித்தார்கள். கலிபோர்னியாவின் க்ளோ து வால் 1972 முதலிடம் பெற்றது. 2006 மே 24-இல் லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் ஒரே நாளில் மீண்டும் ஒரு சோதனை. இம்முறை முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே. முதலில் வந்த ரிட்ஜ் மாண்டி பெல்லோ 1971, பாரிஸ் போட்டியில் ஐந்தாவதாக வந்த ஒயின்! அப்போது அதன் வயது 35.

இதனால் போர்தோ தாழ்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. சோதித்தது அந்தச் சில புட்டிகளை மட்டுமே. “வெளியூரில் வளர்ந்தது நிலைக்காது” என்ற முடிவு மட்டும் பொய்த்துப் போனது. இன்னொரு சேதியும் உண்டு. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்ஸெரா என்ற சிறு பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களை அழித்தது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களை மீட்டார்கள். போர்தோவின் கேபர்னே கலிபோர்னியாவில் வேரூன்றியது. போர்தோவோ அமெரிக்க வேரில் நிற்கிறது.

ஊர் விட்டு ஊர் வந்து பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு, “இங்கே வளர்ந்தால் நம்ம குணம் நிற்குமா?” என்ற கவலை எப்போதும் உண்டு. அதற்கும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாமே.