பத்துப்பாட்டிலிருந்து வட்டக்களரிக்கு

காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை 1920இல் பெற்றார். அதற்காக அவர் கப்பல் ஏறவில்லை. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி முடித்து, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறியிருந்த அவர், இலங்கையில் இருந்தபடியே லண்டன் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைந்தார். பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் என்று உலகம் அறிந்தவர் இவர்தான். லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே வெளிவாரிப் பட்டங்களை வழங்கிவந்தது. காலனி நாடுகளில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வாசல். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் லண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. இலங்கைக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் 1942இல்தான் வந்தது.

ஆனால் தமிழில் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற விரும்பியவருக்கு வெளிவாரிப் பரீட்சை போதவில்லை. லண்டனுக்கே போக வேண்டியிருந்தது. அங்கே அத்தகையவர் தேடிச்சென்ற இடம், கீழைத்தேய ஆபிரிக்கக் கல்விக்கான கல்லூரி. தமிழ் ஆய்வாளர்கள் பலர் அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சோவாஸ்' என்றே சொல்வார்கள்.

அந்தக் கல்லூரி யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல் அரச சாசனத்தால் அது நிறுவப்பட்டது. 1917 பெப்ரவரியில் லண்டன் ஃபின்ஸ்பரி சர்க்கஸில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அதைத் திறந்துவைத்தார். பேரரசை ஆளப் புறப்படும் அதிகாரிகளுக்கும், வணிகருக்கும், மதபோதகருக்கும் ஆசிய மக்களின் மொழியும் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆபிரிக்கா பெயரில் சேர்ந்தது 1938இல். இரண்டாம் உலகப் போரில் படைவீரருக்கு யப்பானிய மொழியைக் கற்பித்த கல்லூரியும் இதுவே. போர் முடிந்ததும், ஸ்கார்பரோ பிரபு தலைமையிலான ஆணைக்குழு, ஆசிய, ஆபிரிக்க, கிழக்கு ஐரோப்பியக் கல்விக்குக் கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும் என்று 1947இல் வெளியான அறிக்கையில் வற்புறுத்தியது. புதிய பதவிகளும் புதிய துறைகளும் உருவாயின. உலகத்தைப் பிராந்தியம் பிராந்தியமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மொழி, வரலாறு, சமயம், சமூகம் என்று சேர்த்துப் படிக்கும் முறை அங்கே வலுப்பெற்றது.

ஆள்வதற்காகக் கட்டிய இந்த வீட்டுக்குள் ஆளப்பட்டவர்களின் பிள்ளைகளும் நுழைந்தார்கள். இலங்கைத் தமிழரில் முன்னோடியானவர் புலோலியைச் சேர்ந்த க. கணபதிப்பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விபுலாநந்தரிடம் தமிழ் பயின்றவர் அவர். 1931இல் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் இந்தக் காரைதீவுத் துறவிதான். அங்கிருந்து லண்டன் சென்ற கணபதிப்பிள்ளை, ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து 1935இல் கலாநிதியானார். பண்டிதத் தமிழைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய காலத்தில், நாடு திரும்பிய அவர் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்து நாடகங்கள் எழுதினார். 1940இல் 'நானாடகம்' நூலாக வந்தது. கல்வெட்டின் மொழியை ஆராய்ந்தவருக்கு அடுப்படியின் மொழியும் ஆராயத்தக்க மொழியாகவே தெரிந்தது. இது சிறிய மாற்றமன்று.

அவருடைய நாடகங்களில் நடித்த மாணவர்களில் ஒருவர் சு. வித்தியானந்தன். தெல்லிப்பழைக்காரர், பிறந்தது 1924. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943 முதல் 1947 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலாநந்தரிடம் படித்தவர். விபுலாநந்தர் 1947 ஜூலையில் காலமானார். அடுத்த ஆண்டுகளில் வித்தியானந்தன் லண்டனில் இருந்தார். சர்க்கரையும் இறைச்சியும் இன்னும் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்த லண்டன் அது. சோவாஸ் அப்போது புளூம்ஸ்பரிப் பகுதிக்கு வந்துவிட்டது. கொஞ்சத் தூரத்திலேயே பிரித்தானிய அருங்காட்சியகம். அங்கிருந்த தமிழ் நூல்களுக்கு எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் 1909இலேயே அட்டவணை வெளியிட்டிருந்தார்கள். தமிழரின் பழைய அச்சுப் புத்தகங்களைத் தேடித் தமிழர் ஒருவர் லண்டனுக்குப் போக வேண்டியிருந்த நிலை வேதனைக்குரியது. அந்தப் புத்தகங்கள் அங்கே பேணப்பட்டன என்பதும் அதே அளவு உண்மை.

வித்தியானந்தன் எடுத்துக்கொண்ட பொருள் பத்துப்பாட்டு. உ. வே. சாமிநாதையர் 1889இல் அச்சேற்றிய அந்தத் தொகுதியின் வரலாறு, சமூகம், மொழி மூன்றையும் ஆராய்ந்து 1950இல் பட்டம் பெற்றார். அந்த உழைப்பின் தொடர்ச்சியாகச் சங்க காலத் தமிழர் வாழ்வை விளக்கும் 'தமிழர் சால்பு' 1954இல் வெளிவந்தது.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை நூல்கள். பாணரும் பொருநரும் கூத்தரும் யாழும் முழவும் சுமந்து ஊர் ஊராக நடக்கிறார்கள். அவற்றில் மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றே இன்னொரு பெயர். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கூத்தரைத் தாளில் ஆராய்ந்த ஒருவர், ஆறேழு ஆண்டுக்குள் உயிருள்ள கூத்தரைத் தேடி மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தார். இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் இதுதான்.

மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. நகரமும் கல்லூரிகளும் அச்சகங்களும் எழுவான்கரையில். படுவான்கரைக்குப் பல இடங்களில் தோணியிலோ, 'பாதை' எனப்படும் மிதவையிலோதான் போக வேண்டியிருந்தது. மண்முனைத் துறையில் பாலம் வந்ததே 2014இல். அந்தக் கிராமங்களில் கூத்து ஒரு பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கதையைத் தேர்ந்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று முடிவுசெய்து, அதற்குரிய பிரதியான சட்டத்தைக் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். சதங்கை அணிவது தனி விழா. பிறகு முழு ஒத்திகையாக அடுக்குப் பார்ப்பது, கடைசியில் அரங்கேற்றம். நடுவில் களரி, சுற்றிலும் சனம். விடிய விடிய ஆட்டம். கூத்தின் இரு வகைகளில், வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகள், கனத்த உடுப்பு, முடி. தென்மோடியில் காதல் கதைகள், நுணுக்கமான ஆட்டம், இழைத்துப் பாடும் தருக்கள். எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருப்பவர் அண்ணாவியார். மத்தளம் அவர் கையில். யார் எந்த அடி வைக்க வேண்டும், எங்கே தாளம் தீர வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அவருக்குப் பல்கலைக்கழகம் தெரியாது. பல்கலைக்கழகத்துக்கும் அவரைத் தெரியாது.

படித்த தமிழர் கூத்தை ஏளனமாகப் பார்த்த காலம். சபா மேடையும், தென்னிந்தியக் கம்பனிகள் கொண்டுவந்த ஆர்மோனியப் பாட்டும், பிறகு சினிமாவும் கூத்தைப் 'பட்டிக்காட்டான் ஆட்டம்' ஆக்கிவிட்டிருந்தன. 1956இல் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகம் 'நாடகம' என்ற பழைய நாட்டார் இசைநாடகத்திலிருந்து எழுந்தது, அந்த நாடகமவின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது என்பதைச் சரச்சந்திரவே ஆராய்ந்து எழுதியிருந்தார். தமக்குச் சொந்தமான அரங்கு எது என்ற கேள்வி தமிழர் முன்னால் வந்து நின்றது. இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்ற வித்தியானந்தன் அந்தக் கேள்விக்கு விடை தேடி மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு என்று கிராமம் கிராமமாகப் போனார். அண்ணாவிமாரைக் கூட்டினார், கூத்துப் போட்டிகள் நடத்தினார், கலைஞரை மேடையில் கௌரவித்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த பிரதிகளை வாங்கிப் பதிப்பித்தார். மட்டக்களப்பின் 'அலங்காரரூபன் நாடகம்' 1962இல் அச்சில் வந்தது. 'மட்டக்களப்பு நாட்டுப் பாடல்கள்' தொகுப்பும் அதே ஆண்டு.

பழைய ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கவும், ஓர் இலக்கியத்துக்குள் இருக்கும் சமூகத்தைப் பிரித்துக் காணவும் லண்டன் அவரைப் பழக்கியிருந்தது. ஒரு பிராந்தியத்தை முழுதாகப் படிக்க வேண்டும் என்ற அந்தக் கல்லூரியின் கொள்கையை, பேரரசின் தேவை எதுவும் இல்லாத படுவான்கரையில் அவர் கைக்கொண்டார். ஆனால் ஆட்டத்தை அவர் யாருக்கும் கற்பிக்கவில்லை. கற்பிக்க அவரால் முடியவும் முடியாது. அதற்கு மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார், வித்தியானந்தன் கற்பித்த பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

'கர்ணன் போர்' 1962இல் மேடையேறியது. அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', பிறகு 'இராவணேசன்', அறுபதுகளின் பிற்பகுதியில் 'வாலி வதை'. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் கால்களில் சதங்கை கட்டி அண்ணாவியார் முன் நின்று அடி பழகினார்கள். மாணவிகளும் ஆடினார்கள். நாளைய நிருவாக சேவை அதிகாரிகளும் ஆசிரியர்களும், எழுத்தறிவு பற்றி யாரும் விசாரிக்காத ஒரு கிராமத்து ஆசானிடம் பாடம் கேட்டார்கள். அன்றைய இலங்கைத் தமிழ்ச் சமூகத்தில் இது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் என்பதை இப்போது முழுதாக உணர்வது கடினம். கூத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் பேராசிரியரின் பெயரைத் தவறாமல் எழுதுகிறார்கள். செல்லையா அண்ணாவியாரின் பெயரும் அதே வரியில், அதே எழுத்தளவில் இருக்க வேண்டும்.

விலையும் கொடுக்கவேண்டி வந்தது. விடியும்வரை ஆடிய கூத்து ஒன்றரை மணித்தியால அளவுக்குச் சுருங்கியது. சுற்றிவர இருந்த சனம் ஒரு பக்கம் மட்டும் அமரும் அவையானது. வட்டக்களரி படச்சட்ட மேடையானது. ஒளியமைப்பு வந்தது, பாத்திரங்களின் மனப்போராட்டம் அழுத்தம் பெற்றது. நகரத்து அவை எழுந்து நின்று கைதட்டியது. ஊரில் கூத்தைத் தாங்கிய சட்டம் கொடுத்தலும், சதங்கை அணியும், மாதக்கணக்கான கூடிவாழ்வும் அந்த மேடையில் இல்லை.

பேராதனைக் கூத்துகளில் ஆடியவர்களில் ஒருவர் அமிர்தகழியில் பிறந்து வந்தாறுமூலை மத்திய கல்லூரியில் படித்துவந்த சி. மௌனகுரு. இராவணனாக அவர் ஆடிய ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. வித்தியானந்தனின் மற்ற மாணவர்கள் இருவர், கைலாசபதியும் சிவத்தம்பியும், பிரித்தானியாவின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் கைலாசபதி சங்க வீரயுகப் பாடல்களை ஆராய்ந்தார். சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி 1970இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கா. இந்திரபாலாவும் சி. பத்மநாதனும் அறுபதுகளில் சோவாஸில் யாழ்ப்பாண இராச்சியத்தின் வரலாற்றை ஆராய்ந்து திரும்பினார்கள். மௌனகுருவின் வழி வேறு. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய அவருடைய ஆய்வு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எண்பதுகளில் கலாநிதிப் பட்டம் பெற்றது. அப்போது அங்கே துணைவேந்தராக இருந்தவர் வித்தியானந்தன். தன் ஊர்க் கூத்தை ஆராய ஒருவர் கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை. ஆய்வேடு தமிழில் இருந்தது. அதை அண்ணாவியாரின் பிள்ளையும் வாசிக்கலாம்.

1981இல் வந்தாறுமூலை மத்திய கல்லூரி வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. செல்லையா அண்ணாவியாரின் ஊரிலேயே பல்கலைக்கழகம் வந்து நின்றது. மௌனகுரு அங்கே நுண்கலைத் துறையைக் கட்டியெழுப்பினார். கல்லடியில் இயங்கிய இசை நடனக் கல்லூரி சுவாமி விபுலாநந்தரின் பெயரையே தாங்கி, பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் அழகியல் கற்கைகள் நிறுவகமாயிற்று. விபுலாநந்தர் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயமும் அதே கல்லடி உப்போடையில்தான். உள்நாட்டுப் போர் மூண்டிருந்த ஆண்டுகளிலும் அங்கே மத்தளச் சத்தம் ஓயவில்லை.

மட்டக்களப்பின் புதிய தலைமுறையிலிருந்தே பேராதனை மரபுக்குக் கடுமையான மறுப்பும் எழுந்தது. சி. ஜெயசங்கரும் அவருடைய 'மூன்றாவது கண்' குழுவினரும் 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் சீலாமுனைக் கிராமத்தாரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கினார்கள். கூத்தை மேடைக்குக் கொண்டுபோனது அதை ஊரிலிருந்து பறித்ததாகவே முடிந்தது, நவீனமாக்கல் என்ற பெயரில் காலனியப் பார்வையே தொடர்ந்தது என்பது அவர்களுடைய வாதம். எனவே அவர்கள் களரியிலேயே நின்றார்கள். கதையைச் சமூகத்தாரே விவாதித்து மாற்றினார்கள். பெண்ணும் சாதியும் பழைய பிரதிகளில் எப்படிச் சொல்லப்பட்டிருக்கின்றன என்று ஊராரே கேள்வி கேட்டார்கள். மறுபக்கத்தில் மௌனகுரு 'இராவணேச'னைப் புதிய மாணவரோடு திரும்பத் திரும்பத் தயாரித்து, செம்மையான அரங்காகக் கூத்து வளர முடியும் என்று நிறுவினார். இந்த விவாதம் கட்டுரைகளிலும் கருத்தரங்குகளிலும் சூடாகவே நடந்திருக்கிறது. இரண்டு பக்கத்தாரும் வாவிக்கரையில் இருந்துகொண்டே, தமிழில் எழுதிப் பேசியே இதை நடத்துகிறார்கள். தீர்ப்புக்காக எந்த அந்நியப் பல்கலைக்கழகத்தையும் அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.