இனிப்பாய் வந்த நஞ்சு



ஆண்டிறுதி மழை தொடங்கிவிட்டால் சிகாமட் வட்டாரப் பள்ளிகளில் இருமலோசை ஓயாது. பிள்ளையின் புத்தகப் பையில் மருந்துப் புட்டியை வைத்தனுப்பும் பெற்றோரும் உளர். அப்புட்டியின் பின்னே துயரமான வரலாறு ஒன்று உண்டு.

வாகன ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் உள்ளது. அதன் உறவுப்பொருள் டைஎத்திலீன் கிளைக்கால். இரண்டும் நிறமற்றவை; இனிப்பானவை; நஞ்சானவை. பாகு மருந்துகளில் சேர்க்கப்படும் கிளிசரினைப் போலவே தோன்றுவதால், சோதிக்காதவர் கையில் இவை எளிதில் இடம் மாறிவிடுகின்றன.

1937இல் அமெரிக்காவில் இத்திரவத்தில் கரைத்து விற்கப்பட்ட சல்ஃபா மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மறு ஆண்டே, விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்று அங்குச் சட்டம் பிறந்தது. ஆயினும் 1972இல் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதே நஞ்சால் மாண்டனர். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான இருமல் மருந்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்டது. அதில் தமிழக அதிகாரிகள் கண்ட நஞ்சின் அளவு 48.6 விழுக்காடு, ஏற்கத்தக்க வரம்போ 0.1 விழுக்காடு.

அறிகுறிகளை அறிவோம். முதலில் வாந்தி, வயிற்றுவலி, சோர்வு. ஓரிரு நாளில் சிறுநீர் குறையும். பின் நின்றே போகும். சிறுநீரகம் செயலிழப்பதன் அடையாளம் அது. காய்ச்சலின் களைப்பு என்று எண்ணிக் காத்திருத்தல் ஆகாது.

இந்நஞ்சைக் கல்லீரல் அமிலமாக மாற்றும்போதுதான் பெருங்கேடு விளைகிறது. ஃபோமெபிசோல் அல்லது எத்தனால் அம்மாற்றத்தைத் தடுக்கும். இரத்தச் சுத்திகரிப்பு நஞ்சை வெளியேற்றும். இவை மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கவை. வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியுடன் உடனே விரையுங்கள்.

நம் நாட்டில் பதிவுபெற்ற மருந்தின் உறையில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். நோயுற்ற பிள்ளையிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு, "சிறுநீர் கழித்தாயா?" என்றும் கேளுங்கள். அவ்வொரு கேள்வி உயிரைக் காக்கக்கூடும்.