டிரைபாட்கள் வென்ற விதம்: ஒரு நாவல் வரிசையும் அதன் தொலைக்காட்சி வடிவமும்

ஜான் கிறிஸ்டோபரின் டிரைபாட் நாவல்களை பிபிசி தொடராக எடுத்து ஒளிபரப்பிய காலத்தில் பிரையன் ஆல்டிஸ் ஓர் ஆட்சேபத்தை எழுப்பினார். மூன்று கால்களில் நடக்கும் இந்த எந்திரங்களின் தொழில்நுட்பம் இருபதாம் நூற்றாண்டு மனிதரை வெல்லப் போதவே போதாது. போர்விமானமும் ஏவுகணையும் வைத்திருந்தவர்கள் இவற்றிடம் தோற்றார்கள் என்பது நம்பத்தக்கதல்ல. அவர் வாதத்தின் சாரம் இதுதான். வேற்றுக்கிரகப் படையெடுப்பு நாவல்கள் தொலைக்காட்சிக்கு வந்த வரலாற்றில் இந்த ஆட்சேபத்துக்குத் தனி இடம் உண்டு. அது பிழையான வாசிப்பு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தப் பிழை ஒரு புதிய நாவலைப் பிறப்பித்தது என்பதால் அதை எளிதில் கடந்துவிட முடியாது.

ஆல்டிஸ் சாதாரண விமர்சகர் அல்லர். 1973இல் அவர் வெளியிட்ட ‘பில்லியன் இயர் ஸ்ப்ரீ’ அறிவியல் புனைகதையின் வரலாற்றை ஒழுங்குபடுத்தித் தந்த முன்னோடி நூல்களில் ஒன்று. ஜான் விண்டமின் பேரழிவு நாவல்களை, உலகம் அழியும்போதும் நாயகன் சௌகரியமாக வாழும் கதைகள் என்று அவர் மதிப்பிட்டது அந்நூலில்தான். ஐம்பதாண்டுகளாக அந்த மதிப்பீட்டை ஏற்றோ மறுத்தோ பேசாமல் விண்டமைப் பற்றி எவராலும் எழுத முடியவில்லை. அப்படிப்பட்டவர் டிரைபாட்களின் வெற்றியை ஐயுற்றால் அதற்கு ஓர் அடிப்படை இருக்கத்தான் செய்யும்.

அந்த அடிப்படை எச். ஜி. வெல்ஸ். 1898இல் நூலாக வந்த ‘உலகங்களின் போர்’ நாவலில் படையெடுப்பு என்பது படைபலக் கணக்கு. ஷெப்பர்டனில் பீரங்கிக் குண்டு ஒரு செவ்வாய்க் கிரக எந்திரத்தைச் சாய்க்கிறது. ‘தண்டர் சைல்ட்’ என்ற போர்க்கப்பல் தான் அழிவதற்குள் எதிரி எந்திரங்களை வீழ்த்துகிறது. வெப்பக் கதிரும் கரும்புகையும் அந்தச் சிறு வெற்றிகளையெல்லாம் துடைத்தெறிகின்றன. எந்த ஆயுதம் எதை வெல்லும் என்பதை வெல்ஸ் வாசகர் கண்முன்னே எடைபோட்டுக் காட்டுகிறார். இறுதியில் கிருமிகள் வந்து தராசையே கவிழ்க்கின்றன. மூன்று கால் எந்திரத்தை வெல்ஸிடமிருந்து பெற்ற ஒருவர் அந்தக் கணக்கையும் சேர்த்துப் பெற்றாக வேண்டும் என்பதே ஆல்டிஸின் எதிர்பார்ப்பு என்று நான் வாசிக்கிறேன்.

கிறிஸ்டோபர் எந்திரத்தை எடுத்துக்கொண்டார், கணக்கை விட்டுவிட்டார். 1967இலும் 1968இலும் வெளிவந்த மூன்று நாவல்களும் படையெடுப்பு முடிந்து தலைமுறைகள் கழிந்த பிறகு நடக்கின்றன. மக்கள் நகரமும் ரயிலும் மறந்து கிராமங்களில் வாழ்கிறார்கள். பதினான்கு வயதை எட்டும் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் உலோகத் தொப்பி பொருத்தப்படுகிறது. அதன் பிறகு டிரைபாட்களை எதிர்க்கும் எண்ணம் அந்தத் தலையில் எழுவதில்லை. ஊரே கூடி அதை விழாவாகக் கொண்டாடுகிறது. விளையாட்டுப் போட்டிகளில் வென்ற வாலிபர்கள், டிரைபாட்களை இயக்கும் எஜமானர்களின் பொன்நகரத்துக்கு அடிமைகளாகப் போவதைப் பெரும்பேறாக நினைத்து மகிழ்ச்சியோடு போகிறார்கள். இந்தக் கதை கேட்கும் கேள்வி, அடிமைத்தனம் எப்படி விருப்பமாக மாறுகிறது என்பது. பீரங்கியின் வீச்சு எவ்வளவு என்பதற்கு இங்கே வேலையில்லை.

ஆல்டிஸின் கேள்விக்கு நாவல் வரிசையிலேயே விடை இருக்கிறது. மனிதரை நேர்ப்போரில் சந்திப்பதை எஜமானர்கள் தவிர்த்தார்கள். மனிதர்கள் தங்கள் வீடுகளில் தாங்களே வாங்கி வைத்திருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவற்றின் வழியே அனுப்பிய அலைகளால் மக்களை மயக்கி வசப்படுத்தினார்கள். தொப்பி அதன் பிறகே வந்தது. இது வரிசையின் பிற்பகுதியில் சில பத்திகளில் சொல்லப்பட்டு முடிந்துவிடுகிறது. அவ்வளவு சுருக்கமாக வருவதால் கவனத்திலிருந்து நழுவியிருக்கலாம். ஆனால் நழுவியதற்கு அதைவிட வலுவான காரணம் தொடரின் வரலாற்றில் இருக்கிறது.

பிபிசியின் முதல் பருவம் 1984 செப்டம்பர் 15 முதல் 13 பகுதிகளாக ஒளிபரப்பானது. ரிச்சர்ட் பேட்ஸ் தயாரிப்பு, அலிக் ரோவ் எழுத்து. 1985இன் இரண்டாம் பருவம் 12 பகுதிகள். அதை கிறிஸ்டோபர் பென்ஃபோல்ட் எழுதினார். பொன்நகரத்திலிருந்து தப்பித் திரும்பும் சிறுவர்கள், டிரைபாட்களை எதிர்த்து மலையில் இருந்த சுதந்திர மனிதரின் தளம் அழிந்துகிடப்பதைக் காண்பதோடு தொடர் நின்றுபோனது. மூன்றாவது நாவல் படமாகவே இல்லை. ஆகவே 25 பகுதிகளையும் தவறாமல் பார்த்த ஒருவர்கூட எஜமானர்கள் முழுமையாக எப்படி வென்றார்கள், எப்படித் தோற்றார்கள் என்ற வட்டம் நிறைவுபெறக் கண்டிருக்க முடியாது. தொடரை மட்டும் கொண்டு பேசினால் ஆல்டிஸின் ஐயம் நியாயமானது. அறுபட்ட ஒரு படைப்பில் அது பிறந்தது என்பதே என் வாதம்.

தொடரில் நாவலில் இல்லாத ஒரு பாடபேதம் உண்டு. முதல் பகுதியின் தொடக்கத்தில் திரையில் ஓர் ஆண்டு எழுத்தில் வருகிறது: 2089. கிறிஸ்டோபர் நாவலில் ஆண்டு எதையும் குறிக்கவில்லை. டிரைபாட்களின் ஆட்சி தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்று கொள்ள அங்கே இடமிருக்கிறது, அவ்வளவே. பார்வையாளருக்கு வழிகாட்டும் சாதாரணத் தலைப்பெழுத்து என்று இதை ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்குவது சரியல்ல என்று நினைக்கிறேன். குதிரை வண்டியும் பழங்கால உடையும் கொண்ட ஒரு கிராமத்தைக் காட்டிவிட்டு அதன்மேல் 2089 என்று எழுதினால், பார்ப்பவர் முதலில் செய்வது கழித்தல் கணக்கு. நாவலின் நூறாண்டை அந்த ஆண்டிலிருந்து கழித்தால் 1980களின் இறுதி வருகிறது. சனிக்கிழமை மாலை அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது நாலைந்து ஆண்டுகளில் வரப்போகும் காலம். வீழ்ச்சி நிகழ்ந்த இடம் அவர்கள் உட்கார்ந்திருந்த அறையாகிறது. இப்படித் திட்டமிட்டுத்தான் அந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டதா என்பதற்கு என்னிடம் நேரடிச் சான்று இல்லை. தற்செயல் என்று வாதிடுவோரை என்னால் முற்றாக மறுக்கவும் இயலாது. ஆயினும் தேதியே இல்லாத நாவலுக்குத் தேதியிட முற்பட்ட ஒருவர், இருநூறு முந்நூறு ஆண்டு தள்ளிப் போகாமல் சரியாக ஒரு மனித ஆயுள் தொலைவில் நிறுத்தியதை வெறும் வசதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஒளிபரப்புச் சூழலும் இதற்குத் துணைநிற்கிறது. முதல் பகுதி வந்த எட்டாம் நாள், 1984 செப்டம்பர் 23 அன்று, பிபிசியின் இன்னொரு அலைவரிசை ‘த்ரெட்ஸ்’ என்ற படத்தை ஒளிபரப்பியது. ஷெஃபீல்டு நகரம் அணுகுண்டால் அழிந்து, பிழைத்தவர்கள் மெல்லக் கற்காலத்துக்குச் சரிவதை அது காட்டியது. அன்றைய பிரிட்டனில் ஆயுத வலிமை பற்றிய எந்தப் பேச்சும் அணுகுண்டு பற்றிய பேச்சாகவே முடிந்தது. எங்கள் ஏவுகணைகள் எங்கே போயின என்று ஆல்டிஸ் கேட்டது அந்தக் காலத்தின் இயல்பான கேள்வி. ஏவுகணை இருந்தும் பயனில்லாத தோல்வி ஒன்று உண்டு என்று சொன்ன கதையை அந்தக் காலம் கேட்கத் தயாராக இல்லை.

கிறிஸ்டோபர் 1988இல் ‘வென் த டிரைபாட்ஸ் கேம்’ என்ற முன்கதை நாவலால் பதில் சொன்னார். அதில் அவர் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆல்டிஸ் சொன்னதை முதலில் அவர் அப்படியே ஒப்புக்கொள்கிறார். இங்கிலாந்தில் வந்திறங்கும் டிரைபாட் போர்விமானத் தாக்குதலில் எளிதாக அழிகிறது. உலகம் நகைக்கிறது, இவ்வளவுதானா என்கிறது. அதன் பிறகு தொலைக்காட்சியில் டிரைபாட்களைப் பற்றிய கேளிக்கை நிகழ்ச்சி ஒன்று வருகிறது. லாரி என்ற சிறுவனின் தங்கை அதில் மூழ்கிப்போகிறாள். பார்த்தவர்கள் கூட்டங்கூட்டமாக டிரைபாட்களின் பக்தர்களாகி வீட்டை விட்டுப் போகிறார்கள். தன் நாவல் வரிசையில் சில பத்திகளில் சொல்லிச் சென்றதை இங்கே முழுக்கதையாக விரிக்கிறார் ஆசிரியர். தொலைக்காட்சி வடிவத்தைச் சுற்றி எழுந்த ஆட்சேபம், தொலைக்காட்சியையே படையெடுப்பின் ஆயுதமாக முன்னிறுத்தும் நாவலைப் பிறப்பித்திருக்கிறது. தழுவல் மூலத்தைத் திருத்தி எழுதவைத்த நிகழ்வு இத்துறையில் அரிது.

போர்க்கணக்கை விட்டு ஆக்கிரமிப்பைக் காட்டும் இந்தச் சாய்வு மற்ற தழுவல்கள் சிலவற்றிலும் தெரிகிறது. 1988இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் ‘உலகங்களின் போர்’, 1953ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் படையெடுப்பாளர்கள் சாகவில்லை என்று கொண்டு, அவர்களை மனித உடல்களுக்குள் ஒளித்தது. 2019இல் பிபிசி எடுத்த மூன்று பகுதித் தொடர் போருக்குப் பிந்தைய செந்நிறப் பாழ்நிலத்துக்குக் கதையின் ஒரு பகுதியை ஒதுக்கியது. ஆனால் அதே ஆண்டு ஹோவர்ட் ஓவர்மன் எழுதிய இன்னொரு தொடரில் மனிதகுலத்தின் பெரும்பகுதி ஒரே தாக்குதலில் மடிகிறது. அது வெல்ஸின் கணக்குக்கே திரும்புகிறது. ஆகவே தொலைக்காட்சி என்றாலே படையெடுப்பு ஆக்கிரமிப்பாக மாறிவிடும் என்று பொதுவிதி வகுக்க நான் முற்படவில்லை.

ஒரு சிக்கல் தீராமல் நிற்கிறது. 1988இன் முன்கதை, எழுதப்பட்ட காலத்தை ஒட்டிய உலகில் நடக்கிறது. தொடரின் 2089இலிருந்து நூறாண்டு பின்னால் போனாலும் அந்த இடத்துக்கே வந்து சேர்கிறோம். கிறிஸ்டோபர் தொடரின் தேதியை மனத்தில் வைத்து எழுதினாரா, தன் நாவலுக்குள்ளிருந்தே அந்த முடிவுக்கு வந்தாரா என்பதை இரு படைப்புகளையும் ஒப்பிட்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. 1960களில் எழுதிய கதையின் வீழ்ச்சியை அந்தப் பத்தாண்டின் தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தி வாசிப்பவர்களுக்கும் நாவலின் சொற்கள் தடையாக இல்லை. அப்படி வாசித்தால் நூறாண்டுக் கணக்கில் 2089 பொருந்தாது. தொடரின் எழுத்து நாவலின் மீது பின்னாளில் ஏற்றப்பட்ட காலமாகவே நிற்கும்.