பேராதனைப் பூங்காவின் இரு பணிகள்

பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அவர்கள் மரங்களின் அழகை வியப்பர். ஆனால், இப்பூங்கா யாருக்காக அமைக்கப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. வரலாறு பயில்வோர் கேட்கவேண்டிய முதல் வினா அதுவே.

1821இல் அலெக்சாந்தர் மூன் இதனைத் தொடங்கியபோது, கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டு ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. எப்பயிர் இம்மண்ணில் விளைந்து வருவாய் தரும் என்று பரிசோதிப்பது பூங்காவின் முதன்மையான பணியாயிற்று. 1824இல் இங்கே தேயிலை நடப்பட்டது. 1861இல் சிங்கோனாவுக்காக ஹக்கலைப் பூங்கா எழுந்தது. 1876இல் கியூவிலிருந்து வந்த 1,919 றப்பர் நாற்றுகளுக்காக ஹெனரத்கொடைப் பூங்கா அமைந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. காடுகள் வீழ்ந்தன, தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் தோட்டங்கள் விரிந்தன, இலாபமோ கடல் கடந்தது.

ஆயினும், கோடரிக்கு வழிகாட்டிய அதே நிறுவனம் காட்டின் செல்வத்தை ஏட்டிலும் பதிந்தது. மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். ஹர்மானிஸ் டி அல்விஸ் என்னும் இந்நாட்டு ஓவியர் 38 ஆண்டுகள் செடிகொடிகளை வரைந்தார். பின்னர் துவெயிற்ஸ் எண்ணற்ற தாவரங்களை விவரித்துப் பெயரிட்டார்.

அவர் விவரித்தவற்றுள் ஒன்று அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த குருடியா சிலானிக்கா. 2012ஆம் ஆண்டின் தேசியச் செம்பட்டியல் அதனை அழிந்ததெனக் குறித்தது. 2019இல் கம்பஹா மாவட்டத்துத் தரலுவையில் அம்மரம் உயிருடன் காணப்பட்டது. 2021இல் நெடுஞ்சாலைக்காக அதனை வெட்ட முற்பட்டபோது மக்களிடையே எதிர்ப்புக் கிளம்பியது. பழைய பதிவு இல்லாதிருப்பின், அது பெயரறியா மரமொன்றாகவே வீழ்ந்திருக்கும்.

இன்று பூங்காவின் கடமை இப்பதிவோடு அமையாது. ஹொர முதலிய மழைக்காட்டு மரங்களின் விதைகளை உலர்த்தி நெடுநாள் சேமித்தல் இயலாது. அவற்றை உயிருள்ள மரங்களாகவே பேணல்வேண்டும். எனினும், பூங்காவில் நிற்கும் இரண்டொரு மரங்கள் ஓர் இனத்தின் பன்மையனைத்தையும் தாங்கமாட்டா; மகரந்தம் சுமக்கும் பூச்சிகளும் வித்துப் பரப்பும் பறவைகளும் காட்டிலன்றோ வாழ்கின்றன?

ஆகவே, பூங்கா காட்டுக்கு ஈடாகாது. அன்று சிலரின் இலாபத்துக்கு உழைத்த அறிவு, இன்று எஞ்சிய காடுகளைக் காக்கும் மக்களின் கருவியாதல்வேண்டும். அடுத்தமுறை மாணவரை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர், மரத்தின் பெயரோடு அதன் காடு எங்கே என்பதையும் கேட்கக் கற்பிப்பாராக.