வலியைத் தொட்ட மின்சாரம்

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் வாய்க்கால்கள் சின்னவாய்க்கால் அருகே கடலைச் சேர்கின்றன. அங்கிருந்து தெற்கே கொள்ளிடம், பூம்புகார், அப்பால் தரங்கம்பாடி. இந்தக் கரையோரக் கடலின் மணலில் புதைந்து கிடக்கும் மின்திருக்கை, வலி மருத்துவ வரலாற்றின் முதல் பக்கங்களைச் சேர்ந்த இனம். தொட்டால் கை மரத்துப்போகும். தலையின் இருபுறமும் உள்ள உறுப்புகளில் அடுக்கடுக்கான செல்கள் ஒரே நொடியில் மின்சாரத்தை வெளியே தள்ளுவதால்தான் அந்த மரப்பு.

தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், சோழமண்டலக் கரை மீன்களைச் சேகரித்து பெர்லினிலிருந்த மருத்துவர் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். பிளாக் இறந்த பிறகு ஷ்னைடர் 1801இல் முடித்து வெளியிட்ட மீனியல் நூலில் தரங்கம்பாடி மின்திருக்கையும் ஏறியது. ஊரார் வழங்கிய திமிலை என்ற பெயர், இலத்தீனில் டிம்லெய் ஆயிற்று.

மத்தியதரைக் கடலில் இதன் பெரிய உறவினம் உண்டு. ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், சுமார் பொ.ஆ. 47இல், தீராத தலைவலிக்கு உயிருள்ள அந்த மீனை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். கீல்வாதக்காரர் கடற்கரை ஈரத்தில் அதன்மேல் கால்வைத்து, முழங்கால்வரை மரக்கும்வரை நிற்க வேண்டும். அந்த மரப்புக்குக் காரணம் மின்சாரம்தான் என்று ஆய்வாளர் ஜான் வால்ஷ் சோதித்துக் காட்டியது 1772இல்.

வலிக்கும் இடத்தை விட்டு மருத்துவம் மூளைக்கு நகர நெடுங்காலமாயிற்று. காயம் ஆறியும் வலி ஓயாதவர்கள் உண்டு: வெட்டுண்ட காலில் வலிப்பவர், பக்கவாதத்துக்குப் பின் பாதி உடல் எரிபவர். அவர்களிடம் கோளாறு நரம்புப் பாதையிலேயே இருக்கிறது. 1969இல் ஆய்வாளர் ரெனால்ட்ஸ், எலியின் நடுமூளையில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டி, மயக்க மருந்தின்றியே அறுவை செய்தார். 1973இல் ஹோசோபுச்சி குழு, தீராத முகவலிக்கு மூளையின் தலாமஸில் மின்முனை பொருத்தியது.

தமிழ்நாடு அதிகம் பின்தங்கிவிடவில்லை. பி. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியிருந்தார். அந்த மரபில் வந்தவர் டி.எஸ். கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர் என்று போற்றப்படுபவர், இந்திய-சீனப் போர்க்காலத்தில் ராணுவத்தில் பணியாற்றியவர். 1975இலேயே நோயாளியின் மூளையில் நிலையாக மின்முனை பொருத்தினார். இந்தியாவில் அதுவே முதல் முறை. அவர் 2018இல் மறைந்தார். நம் பள்ளிப் பாடநூல்களில் அவருக்கு ஒரு பக்கமாவது கிடைக்க வேண்டும்.

வலிக்கு மூளையில் மின்முனை பொருத்தும் இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பலித்துவிடவில்லை. அமெரிக்காவில் 196 பேரிடமும் 50 பேரிடமும் நடந்த இரு சோதனைகள், பாதிப் பேருக்காவது பாதி வலி குறைய வேண்டும் என்ற இலக்கை ஓராண்டில் எட்டவில்லை. நடுக்க நோய்க்கு 1997இல் அங்கே கிடைத்த ஒப்புதல் வலிக்குக் கிடைக்கவில்லை. 1991இல் ஜப்பானின் சுபோகாவா வேறு வழி கண்டார்: உடலை அசைக்கும் மூளைப் புறணியைத் தூண்டுவது. மண்டையைத் திறக்காமல், காந்தச் சுருளை வெளியே வைத்து அதே இடத்தைத் தூண்டும் முறையும் இப்போது நரம்புவலிக்காரர் சிலருக்கு ஆறுதல் தருகிறது; பலன் தேயத் தேயத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.